கீபோர்டா, மிருதங்கமா: ஆறு வயதுக்கு எது?

மகளுக்கு ஆறு வயது முடிந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவானது. அவள் அம்மாவுக்குக் கீபோர்டு, எனக்கு மிருதங்கம். கடைசியில் மிருதங்கம்தான் வாங்கினோம். இப்போது இரண்டு வருடம் ஆகிறது.

கீபோர்டின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவிட்சைப் போட்டால் சுருதி சுத்தம். துணி போட்டு மூடி வைத்தால் போதும், வேறு பராமரிப்பு கிடையாது. பிள்ளை பாதியில் விட்டாலும் விற்றுவிடலாம். என் அண்ணன் மகன் அதில்தான் தொடங்கினான். ஆனால் பட்டனைத் தட்டினால் தாளமும் பாட்டும் தானாக ஓடும். அவன் பாதி நேரம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பிள்ளையை வைத்து எல்லாரையும் எடைபோட முடியாதுதான்.

வயலினையும் யோசித்தோம். பிள்ளை வளர வளர 1/8, 1/4, 1/2 என்று அளவு மாற்றிக்கொண்டே போக வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம். எங்கள் மொரீஷியஸின் வட்டமான தோல் வாத்தியமான ரவான் மேல் எனக்குத் தனி ஆசை உண்டு. அது முழங்கும் மொரீஷியஸின் செகா இசையும் ஆட்டமும் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது அவ்வளவு பெருமையாக இருந்தது. ஆனால் அந்த ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றித்தான் வாசிக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை தானாக எடுத்து உட்கார முடியாது.

மிருதங்கத்தில் என்னை இழுத்தது வாயால் சொல்லும் தாளச் சொற்களான சொல்கட்டு. வீட்டில் நாங்கள் பேசுவது பெரும்பாலும் இங்குள்ள கிரியோல் மொழிதான். ஆனாலும் ‘த தி தொம் நம்’ அவள் வாயில் ஏறிய பிறகு காரிலும், குளிக்கும்போதும், சாப்பாட்டு மேசையைத் தட்டியும் அதுதான் ஓடியது. வாத்தியம் கையில் இல்லாதபோதும் பாடம் நடந்துகொண்டே இருக்கும். மூன்றாம் எண் புயல் எச்சரிக்கையில் பள்ளி மூடி, மின்சாரமும் போன ஒரு நாள் முழுக்க அவள் வாசித்தாள்.

எல்லாரும் பயப்படுவது பராமரிப்புக்குத்தான். நாங்கள் இருப்பது மொரீஷியஸின் குரேப்பிப்பில். மழையும் ஈரமும் ஓயாத ஊர். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். தோல் வார் பிடித்த மிருதங்கம் என்றால் கல்லும் கட்டையும் வைத்து விளிம்பைத் தட்டிச் சுருதி ஏற்ற வேண்டும். பழகாத கை தட்டினால் தோல் கிழிந்துபோகும். அதனால் போல்ட் வைத்ததை வாங்கினோம். ஸ்பேனரால் சுற்றுப் போல்ட்டுகளை ஒரே அளவாக முறுக்கினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். தேர்ந்தவர்கள் வார் மிருதங்கத்தின் நாதமே தனி என்பார்கள். கேட்டிருக்கிறேன், உண்மைதான். ஆனால் சுருதி இறங்கிய வாத்தியம் அடுத்த வகுப்பு வரை மூலையில் கிடந்தால் பிள்ளையின் ஆசையும் அதோடு கிடக்கும். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. சென்னை போன உறவினர் வலந்தலைக்கு, அதாவது வலக்கைப் பக்கத்துக்கு, ஒரு மாற்று மூட்டு (தோல்மூடி) வாங்கி வந்திருக்கிறார். இன்னும் மாட்டிப் பார்க்கும் நிலை வரவில்லை.

தொப்பி, அதாவது இடக்கைப் பக்கத்து வேலை முழுக்க அவளுடையது. “பா, ரவை எங்க?” என்று கேட்டபடியே கிண்ணத்தோடு வருவாள். தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டி, தோலின் நடுவில் அப்பி, கட்டைவிரலால் ஓரத்தை வழித்துவிடுவாள். ஒரு தட்டு தட்டுவாள். ‘தொம்’ கனமாக இறங்காவிட்டால் இன்னும் ஒரு சிட்டிகை சேர்ப்பாள். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விட்டால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், எறும்பும் வரும். இதற்கு மட்டும் இன்னும் நான் ஒரு குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பெரியவர்களின் மிருதங்கம் 22 முதல் 24 அங்குல நீளம் இருக்கும். பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சம்மணமிட்டு உட்காரவைத்து, இரண்டு கையும் தோள் தூக்காமல் எட்டுகிற சின்ன அளவாகப் பார்த்து எடுங்கள்.