ஹனிவெல் பிடிஎம்7950: குன்னூர்க் குளிரில் ஒரு மைனிங் கார்டுடன் ஓராண்டு

பழைய ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் சில்லுக்கும், அதன் சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்கும் இடையில், வெப்பத்தைக் கடத்த வழக்கமாகத் தடவும் தெர்மல் பேஸ்டுக்குப் பதிலாக ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 ஷீட்டை வைத்து ஓராண்டு ஆகிறது. இந்த ஷீட்டைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பாராட்டுகளில் பெரும்பாலானவை விளையாட்டுக்காகக் கார்டு வைத்திருப்பவர்கள் எழுதியவை. அவர்களுடைய அறைகளும் சமவெளியின் வெயிலில் இருப்பவை. குன்னூரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர் உயரத்தில், இரவில் அறைக்குள்ளேயே 14 டிகிரிக்கு இறங்கும் குளிரில், மைனிங்குக்காக, அதாவது கணக்குகள் போட்டுக் கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காக, ஓடும் கார்டில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு கதை. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் மலையில் மைனிங் செய்கிறவர் முதலில் பணம் போட வேண்டிய இடம் இதுவன்று.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் கூட்டம் கூட்டமாகப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. என்னுடைய கார்டும் அப்படி வந்த ஒன்றுதான். திறந்து பார்த்தபோது சில்லின் மேலிருந்த பேஸ்ட் ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் கண்ணாடி போலச் சில்லின் முகம் தெரிந்தது. மெமரிச் சில்லுகளின் மேலிருந்த தெர்மல் பேடுகள் (வெப்பம் கடத்தும் மெத்தென்ற பட்டைகள்) எண்ணெய் கசிந்து, விரல் பட்டால் துகளாக உதிரும் நிலையில் இருந்தன. இந்த இரண்டு பழுதுகளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

பிடிஎம்7950 என்பது வெப்பத்தில் நிலை மாறும் வகைப் பொருள். அறை வெப்பத்தில் மெழுகு போலக் கெட்டியாக இருக்கும். ஏறத்தாழ 45 டிகிரியில் இளகி, ஹீட்சிங்கின் அழுத்தத்தால் மெல்லிய படலமாகப் பரவி, இரு பரப்புகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பும். பேஸ்ட் அப்படியன்று. கார்டு சூடாகும்போதும் ஆறும்போதும் சில்லும் உலோகத் தட்டும் சற்றே விரிந்து சுருங்குவதால், இடையில் இருக்கும் பேஸ்ட் சிறிது சிறிதாக வெளியே தள்ளப்படுகிறது. என் கார்டில் நடுப்பகுதி காலியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். பிடிஎம்7950 அப்படி எளிதில் வெளியேறுவதில்லை என்பதே அதன் பெரிய சிறப்பு.

நான் வாங்கியது 40 மில்லிமீட்டருக்கு 80 மில்லிமீட்டர் அளவுள்ள ஷீட். 3080இன் சில்லு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் சதுரம் என்பதால் ஒரு ஷீட்டில் மூன்று கார்டுகளுக்கான துண்டுகள் கிடைக்கும். இரு பக்கமும் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தைப் பிரிப்பதுதான் சோதனை. ஷீட் சற்று வெதுவெதுப்பாக இருந்தாலும் படலத்தோடு சேர்ந்து கிழிந்து வந்துவிடும். அதனால்தான் எல்லாரும் அதைச் சிறிது நேரம் ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறார்கள். டிசம்பர் மாதக் குன்னூரில் இந்த அறிவுரை தேவைப்படாது என்று எண்ணி மேசை மேலேயே வைத்துப் பிரித்தேன், ஒரு மூலை கிழிந்தது. மறுதுண்டைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்ததும் படலம் வெங்காயத் தோல் போலத் தனியாக உரிந்து வந்தது. மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சில்லையும் செம்புத் தட்டையும் கறையில்லாமல் துடைத்து, துண்டைச் சில்லின் மேல் அமர்த்தி, திருகுகளைக் குறுக்குக்குறுக்காகச் சிறிது சிறிதாக முடுக்கினேன். கழற்றிய திருகுகள் எல்லாம் ஒரு காலி வர்க்கி டப்பாவில் இருந்தன. அவற்றின் நீளம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் டப்பாவுக்குள் காகிதம் விரித்து, கார்டின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் வைத்திருந்தேன். இந்தச் சிறு ஒழுங்கு இல்லாவிட்டால் நீளத் திருகு ஒன்று தவறான துளையில் ஏறி, பலகையையே துளைத்துவிடக்கூடும்.

முதல் ஏமாற்றம் அன்றிரவே வந்தது. மைனிங் இன்னும் நடக்கும் எத்தீரியம் கிளாசிக் என்ற மற்றொரு நாணயத்துக்கு வேலை செய்வது பெரும்பாலும் மெமரிதான், கணக்குப் போடும் மையச் சில்லுக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆகவே 320 வாட் வரை இழுக்கக்கூடிய இந்தக் கார்டின் மின் வரம்பை 220 வாட்டுக்குக் குறைத்து, மையத்தின் வேகத்தையும் 1100 மெகாஹெர்ட்ஸ் அளவில் பூட்டி, மெமரி வேகத்தை மட்டும் படிப்படியாக ஏற்றுவது என் வழக்கம். இப்படி அமைத்த கார்டில், குளிர்ந்த அறையில், மின்விசிறி 70 சதவீதத்தில் சுழலும்போது மையத்தின் வெப்பம் 43 அல்லது 44 டிகிரியிலேயே நின்றுவிட்டது. 45 டிகிரியில் இளக வேண்டிய பொருள் எப்படி இளகும்? ஷீட் வைத்தபடி கெட்டியாகவே கிடந்தது. மையத்தின் சராசரி வெப்பத்துக்கும் அதிலேயே மிகச் சூடான புள்ளிக்கும் இடையிலான வேறுபாடு, உலர்ந்த பழைய பேஸ்ட் இருந்த காலத்தைவிட அதிகமாகத் தெரிந்தது.

தொலைக்காட்சிப் பெட்டிகளும் மிக்சிகளும் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் அப்போது வீட்டுக்கு வந்திருந்தார். மீட்டரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சில்லுனு கெடக்குற கார்டுக்கு எதுக்குங்க சார் இத்தன செலவு? மொதல்ல அதக் கொஞ்சம் சுட வைங்க," என்றார். சரியான யோசனை. மின் வரம்பை முழு 320 வாட்டுக்கு ஏற்றி, மின்விசிறியை 40 சதவீதமாகக் குறைத்து, கனமான கிராபிக்ஸ் சோதனை ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி, மையத்தை 75 டிகிரிக்குக் கொண்டுசென்றேன். பிறகு முற்றிலும் ஆற விட்டு, அதையே இன்னும் மூன்று முறை செய்தேன். அதன் பின்னர் சூடான புள்ளிக்கும் சராசரிக்கும் இடைவெளி 10 டிகிரியாகச் சுருங்கியது, இன்று வரை அங்கேயே நிற்கிறது. மலையில் இருப்பவர்கள் இந்தச் சூடேற்றலைத் தவிர்க்கவே கூடாது. சமவெளியில் கார்டு தானாகவே செய்துகொள்ளும் வேலையை இங்கே நாம் வலிந்து செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஹேஷ்ரேட்டில், அதாவது கார்டு கணக்குப் போடும் வேகத்தில், எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. காரணம் எளிது: இந்த வகை மைனிங்கில் கார்டைத் தடுத்து நிறுத்துவது மையத்தின் வெப்பம் அன்று, மெமரியின் வெப்பம். 3080இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி. அதன் உள்வெப்பம் 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மையம் 44 டிகிரியில் சுகமாக இருந்த அதே நேரத்தில், கணினியின் வெப்பநிலைகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் மெமரியின் வெப்பம் 102 என்று காட்டியது. வெளியே மூடுபனி, உள்ளே மெமரி கொதிநிலைக்கு மேல்! குளிர்ந்த ஊரில் வசிக்கிறோம் என்ற தைரியத்தில் மைய வெப்பத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மெமரிச் சில்லுகளுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதால் அங்கே பிடிஎம்7950 உதவாது, தடித்த தெர்மல் பேடுதான் வேண்டும். அதன் தடிமன் கார்டுக்குக் கார்டு மாறும். நான் முதலில் வாங்கியது அரை மில்லிமீட்டர் தடிமன் கூடிய பேடு. திருகுகளை முடுக்கியபோது ஹீட்சிங்க் பேடுகளின் மேல் ஏறி நின்றுகொண்டது. மையச் சில்லைச் சரியாகத் தொடவே இல்லை. கார்டு இயங்கிய சில நொடிகளில் மையம் 90 டிகிரியை நோக்கி ஓடியதைப் பார்த்து அவசரமாக நிறுத்தினேன். பழைய பேடின் நசுங்காத ஓரத்தை அளந்து அதே தடிமனில் வாங்கிப் போட்ட பிறகு மெமரி 102இலிருந்து 84க்கு இறங்கியது. செலவைப் பார்த்தால் ஷீட்டைவிடக் குறைவு. பலனைப் பார்த்தால் ஒப்பிடவே முடியாது.

அப்படியானால் ஷீட் வீண் செலவா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். ரேவன்காயின் போன்ற நாணயங்களின் காபௌ என்னும் கணக்கீட்டு முறை மையத்தையும் சேர்த்துக் கசக்கிப் பிழியும். அதை ஓட்டும்போது என் கார்டின் மையம் குளிர்காலத்திலும் 60 டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே ஷீட் தன் வேலையைச் செய்கிறது. மற்றொன்று மின்தடை. வடகிழக்குப் பருவமழையில் மரக்கிளை கம்பி மேல் விழுந்து மின்சாரம் போவதும் வருவதும் இங்கே சாதாரணம். ஒவ்வொரு முறையும் கார்டு ஆறிச் சூடாகிறது. பேஸ்டை வெளியே தள்ளும் விரிதலும் சுருங்குதலும் அதுவேதான். இந்த ஓராண்டில் எண்ண முடியாத அளவு தடைகள் வந்தும் அந்த 10 டிகிரி இடைவெளி அசையாததைப் பார்க்கும்போது, ஷீட்டின் நிலைத்தன்மையை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

மலைக்கே உரிய இன்னும் இரண்டு செய்திகள். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மின்விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது தள்ளும் காற்றின் நிறை குறைவதால், குளிர்ச்சியால் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பகுதி கைவிட்டுப் போகிறது. அடுத்தது ஈரம். ஓடிக்கொண்டிருக்கும் கார்டு சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன் மேல் நீர் படியாது. இரவெல்லாம் நின்று குளிர்ந்துபோன கார்டின் மேல் காலையில் ஈரக் காற்று வந்து படுவதுதான் ஆபத்து. நான் ஜன்னல் பக்கமிருந்த ரிக்கை (கார்டு மாட்டிய மைனிங் கணினியை) உள்சுவருக்கு மாற்றி, மின்தடைக்குப் பிறகு உடனே ஓட விடாமல், அறை சற்று வெதுவெதுப்பான பின்பே இயக்குகிறேன். ஈரத்தோடு சேர்ந்த தூசி ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளி போலப் படிவதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மென்மையான தூரிகையால் துடைப்பதும் தவறாமல் நடக்கிறது.

வாங்கும்போது கவனம் தேவை. போலிகள் நிறைய உலவுகின்றன. நான் முதலில் தருவித்த ஷீட் ஒன்று சூடேறிய பின்னும் இளகவே இல்லை. கழற்றிப் பார்த்தால் வைத்த வடிவத்திலேயே சாம்பல் நிறத்தில் கிடந்தது. விற்றவர் பதில் கூறவில்லை. இரண்டாவது ஷீட் தபால் செலவோடு ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. இந்தத் தொகையை மைனிங் வருமானம் ஈடு செய்யும் என்று யாரும் எண்ண வேண்டாம். சுவர் பிளக்கில் மாட்டிய மீட்டரின்படி என் ரிக் முழுவதும் இழுப்பது 300 வாட். அறுபது நாள் இடைவிடாமல் ஓடினால் 432 யூனிட். மின்வாரியத்தின் இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், அதை வீட்டு விளக்கும் கீசருமே தின்றுவிடுகின்றன. மைனிங்கின் யூனிட்டுகள் ஏறுவது உயர்ந்த கட்டணப் படிகளில்தான். கிடைக்கும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு, கார்டுக்கும் மின்சாரத்துக்கும் செய்த செலவை அதில் கழிக்கவும் முடியாது. மழைக்கால மாதங்களில் எப்படியும் ஹீட்டர் ஓடும் அறையில் அதற்குப் பதிலாக ரிக்கை ஓட்டுவதால்தான் எனக்கு இது கட்டுப்படியாகிறது.

மெமரி அதிகம் உழைக்கும் மைனிங் மட்டும் செய்பவர் பேடுகளை மாற்றிவிட்டு, சில்லுக்கு ஒரு நல்ல பேஸ்ட் தடவினாலே போதும். மையத்தையும் உழைக்க வைப்பவருக்கும், கார்டைச் சில ஆண்டுகள் திறக்காமல் வைத்திருக்க விரும்புபவருக்கும் பிடிஎம்7950ஐத் தயங்காமல் சொல்வேன். மூன்று துண்டுகளில் ஒன்று கிழிந்தது, ஒன்று கார்டில் இருக்கிறது. மூன்றாவது இன்னும் ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்குக் கீழே, நண்பரின் மகன் வாங்கியிருக்கும் 3070 கார்டுக்காகக் காத்திருக்கிறது. அவன் அதில் விளையாட மட்டுமே போகிறான்.