எங்கட கோயில் பியானோவுக்கு எண்ணெய் அடிச்ச ‘மாஸ்டர்’

கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ப் பக்கம் ஆரின்ரயேன் வீட்டிலயோ கோயிலிலயோ பழைய பியானோ இருந்தால் இதை ஒருக்கா வாசியுங்கோ. வன்னியில பியானோ எத்தினை இருக்கப்போகுது, விரல் விட்டு எண்ணலாம். பிரச்சினையும் அதுதான். பக்கத்தில கேட்டுப் பாக்க ஒருத்தரும் இல்லை. வாறவர் சொல்லுறதுதான் வேதவாக்கு.

எங்கட பியானோ, கொழும்பில ஒரு குடும்பம் வெளிநாடு போகேக்க கோயிலுக்குத் தந்தது. சுவரோட நிமிர்ந்து நிக்கிற வகை. ஏ9 றோட்டால லொறியில வந்து இறங்கேக்கயே சுருதி இறங்கித்தான் இருந்தது. போன் அப்பில பாத்தால் 440 ஹேர்ட்ஸ் (ஒரு செக்கனுக்கு அத்தினை அதிர்வு) காட்டவேண்டிய கட்டை 415 காட்டுது. அரைச் சுரம் குறைவு. ஆனா எல்லாக் கட்டையும் ஒத்து இறங்கியிருந்தபடியா பாடகர் குழாமுக்கு வாசிக்கலாம், காதுக்கு உறுத்தேல்லை. அப்பிடியே விட்டிருக்கலாம். நத்தாருக்கு முதல் சரிபண்ணுவம் எண்டு அவசரப்பட்டது நான்தான்.

தெரிஞ்ச ஒருத்தர், பியானோ சுருதி பிடிக்கிற ‘மாஸ்டர்’ எண்டு ஒருத்தற்ற நம்பர் தந்தார். கார்த்திகை மாசம், அடைமழை. மாஸ்டர் ரயிலில வந்து இறங்கினார். “நாப்பது வருசமா இதுதான் என்ர தொழில், ரீச்சர். ரெண்டு மணித்தியாலத்தில 440க்கு ஏத்தித் தாறன்.”

அந்த இடத்திலயே நான் முழிச்சிருக்க வேணும். பியானோவில கட்டை 88, கம்பி கிட்டத்தட்ட 230. மேல்பக்கச் சுரங்களுக்கு ஒவ்வொண்டுக்கும் மூண்டு கம்பி. எல்லாக் கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை பொதுவா 15–20 தொன் வரும். அரைச் சுரம் ஏத்தினால் அந்த இழுவை இன்னும் 12 வீதம் கூடும். ஒரு பக்கம் ஏத்த ஏத்த, ஏற்கெனவே ஏத்தின பக்கம் இறங்கும். அதால முதல் சுற்று மேலோட்டமா ஏத்தி, பிறகு திரும்பத் திரும்ப வந்து பிடிக்கிற வேலை இது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிஞ்ச விசயம், காசு குடுத்துப் படிச்சது.

பையைத் திறந்தார். உள்ளுக்க ஒரு சொக்கற் ஸ்பனர், ஒரு குறடு, துரு இளக்கிற ஸ்பிரே டின், போன். அவ்வளவுதான். கம்பி சுத்தியிருக்கிற ஆணியின்ர தலை சதுரம், அதுக்கெண்டே நீளப் பிடியோட ஒரு சாவி இருக்கு. மூண்டு கம்பியில ரெண்டைச் சத்தம் வராமல் மறிக்கிறதுக்கு றப்பர் ஆப்பும் கம்பளிப் பட்டியும் வேணும். இவர் மூண்டையும் ஒண்டா அலற விட்டு, ஸ்பனரைப் போட்டு முறுக்கினார். சதுர மூலை வழுகுற சத்தம் எனக்குக் கேட்டது. ரெண்டு கம்பி துப்பாக்கி வெடிச்ச மாதிரி அறுந்தது, பிள்ளையள் வெளியில ஓடினதுகள். ஒரே கம்பிதான் பின்னால கொழுவியில சுத்தி வந்து ரெண்டாய் நிக்கும். அதால ஒண்டு அறுந்தால் ரெண்டு போச்சு. “மூண்டில ஒண்டு காணும் ரீச்சர், ஆருக்குத் தெரியப்போகுது?”

மழைக்கு ஊறிக் கொஞ்சக் கட்டையள் மெதுவாத்தான் எழும்பினது. அதுக்கும் ஸ்பிரே. ஆணியளுக்கும் ஸ்பிரே, “இறுகிப்போச்சு” எண்டு. போனில பேசினது 25,000. கம்பிக்கு, எண்ணெய்க்கு, பயணத்துக்கு எண்டு கடைசியில 42,000 வாங்கினார். பாதர் இல்லாத நேரம், பில் துண்டு கூடக் கேக்காமல் குடுத்தன். என்ர பிழை.

வியாழன் வந்தவர். ஞாயிறு பூசைக்கு வாசிச்சால், ஒரு கட்டையை அமத்த உள்ளுக்க மூண்டு பேர் சண்டை பிடிக்கினம். ஏ.எல். பௌதிகவியலில ‘அடிப்பு’ (கிட்டத்தட்ட ஒத்த ரெண்டு சுரம் சேரேக்க சத்தம் கூடிக் குறையிறது) எண்டு படிச்சமே, அது வஊ வஊ எண்டு அப்பட்டமாக் கேக்குது. அடுத்த கிழமை 17 கட்டை அமத்தினால் எழும்பவே இல்லை.

போன் எடுத்தால் முதல் “வாறன்”, பிறகு றிங் போகுது, பிறகு அதுவும் இல்லை.

தை கடைசியில கொழும்பில இருந்து வேற ஒரு ஐயா வந்தவர். வயசானவர், கதை குறைவு. இசைக்கவையை முழங்காலில தட்டிக் காதில வைச்சுக் கேட்டார், பிறகு ரோச் அடிச்சு உள்ளுக்க பாத்தார். என்னையும் குனிஞ்சு பாக்கச் சொன்னார். ஆணியளைச் சுத்தி மரத்தில கறுப்பா எண்ணெய் ஊறியிருக்கு. “மரம் கவ்விப் பிடிக்கிறதாலதான் பிள்ளை இந்த ஆணி நிக்குது. வேற பிடிப்பு ஒண்டும் இல்லை.” தன்ர சாவியைப் போட்டுத் தந்தார், நானே திருப்பிப் பாத்தன். மாரியில இளகின மண்ணில நிக்கிற கதியால் மாதிரி ஆடுது. கொஞ்சம் மொத்தமான ஆணி மாத்தலாம், ஆனா எண்ணெய் குடிச்ச மரம் அதையும் பிடிக்குமெண்டு சொல்லமாட்டன் எண்டார். கம்பியை அடிக்கிற சுத்தியலுகளின்ர மூட்டுகளில இருக்கிற கம்பளித் துணியும் எண்ணெயில ஊதிப்போச்சாம், ஒவ்வொண்டாக் கழட்டி மாத்தவேணுமாம்.

நான் கேட்டது, மழைக்கு முதலே செய்திருந்தால் சரிவந்திருக்குமோ எண்டு. சிரிச்சார். கம்பிக்குப் பின்னால இருக்கிற பலகை மாரியில ஈரம் குடிச்சு வீங்கும், சுருதி ஏறும். சோளகத்தில காஞ்சு இறங்கும். அடைமழையில சுருதி பிடிக்க வாறவன் உங்கட காசுக்குத்தான் வாறான் எண்டார். இவ்வளவு பழைய பியானோவை 440க்கு ஏத்தவே வேணாமாம், 415இலயே தன்னோட தான் ஒத்துப்போற மாதிரிப் பிடிச்சு விட்டிருக்கலாமாம். பாத்ததுக்கு அவர் வாங்கினது ரிக்கற் காசு மட்டும்.

இப்ப எங்கட பூசைக்குக் கீபோட்தான். அந்த மாஸ்டர் வவுனியாப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போக இருக்கிறாராம் எண்டு கேள்விப்பட்டுத்தான் இதை எழுதுறன். சந்தேகமெண்டால் இன்பொக்ஸில கேளுங்கோ, ஆளின்ர அடையாளமும் அந்த ஐயாவின்ர நம்பரும் தாறன்.

மாஸ்டர் தன்ர ஸ்பிரே டின்னை இஞ்ச மறந்து விட்டிட்டுப் போட்டார். கோயில் கேற் பிணைச்சலுக்கு அடிச்சம், நல்லா வேலை செய்யுது.