மீன் பிடிக்கற போட் வாங்கறப்ப மூக்கைப் பாத்து ஏமாறாதீங்க, பின்னாடி போய் பாருங்க

முதல்ல வச்சிருந்தது 14 அடி அலுமினிய ஜான் போட், அதாவது அடிப்பாகம் தட்டையா இருக்கற போட். இப்ப மூணு வருஷமா அதே 14 அடியில செமி வி, அடிப்பாகம் லேசா V மாதிரி இருக்கும். ரெண்டுலயும் நனைஞ்சாச்சு, அதனால தைரியமா எழுதறேன்.

தட்டை அடியை குறை சொல்ல மனசே வராதுங்க. முழங்கால் தண்ணி கூட இல்லாத எடத்துல, தாமரை இலைக்கு நடுவுல எல்லாம் நைசா நுழைஞ்சிடும், சின்ன மோட்டார் போதும், மாமா எந்திரிச்சு நின்னு தூண்டில் வீசினாலும் நான் ஒக்காந்து டீ குடிக்கலாம். ஆனா காத்து கிளம்பி ஒரு அடி அலை வந்துச்சுன்னா தகர டப்பாவை கல்லுல போட்டு அடிக்கற மாதிரி டமால் டமால்னு, கரைக்கு வர்றதுக்குள்ள இடுப்பு போயிடும், அந்த சத்தத்துல பேசவும் முடியாது.

செமி வி அலையை வெட்டிட்டு போகுது, உண்மைதான். ஆனா எல்லாரும் செய்யற தப்பு, முன் மூக்கு கூரா இருக்குன்னு பாத்து வாங்கறது. வேகம் எடுத்து போட் எழும்பினப்புறம் தண்ணியில இருக்கறது பின்பாதிதான், அதனால மோட்டார் மாட்டற பலகைக்கு பின்னாடி நின்னு குனிஞ்சு பாருங்க, நடுக்கோட்டுலேர்ந்து அடித்தகடு எவ்ளோ சாய்வா ஏறுதுன்னு. அதுதான் டெட்ரைஸ். தட்டை அடின்னா 0 டிகிரி, டீப் வி, அதாவது ஆழமான V அடின்னா 20 டிகிரி பக்கம். என்னோடது 10 இருக்கும். சின்ன போட்டுல டீப் வி வேணவே வேணாம்ங்கறது என் கருத்து, நிறுத்தி மீன் பிடிக்கறப்ப தொட்டில் மாதிரி ஆடும், ஹெச்பியும் அதிகம் கேக்கும்.

அடியும் பக்கமும் சேர்ற மூலைக்கு சைன்னு பேரு, அது கூர் மடிப்பா இருந்தா ஆட்டம் கம்மி, உருண்டையா இருந்தா ஒரு ஆள் நகர்ந்தாலே சாயும். அகலமும் முக்கியம். பல ஜான் போட்ல 1448னு நம்பர் போட்டிருப்பாங்க, 14 அடி நீளம், அடித்தட்டு 48 இன்ச்னு அர்த்தம், 1432ல ரெண்டு பேர் நிக்கணும்னா சர்க்கஸ்தான்.

என் செமி வியில ஒரே கடுப்பு ரிவெட், தகடுகளை சேர்த்து அடிச்சிருக்கற ஆணி. ரெண்டாவது வருஷமே காலடியில தண்ணி. டிரெய்லர்ல வச்சு உள்ள கொஞ்சம் தண்ணி ஊத்தி, வெளிய எந்த ரிவெட்ல சொட்டுதுன்னு மார்க்கர்ல வட்டம் போட்டேன், மொத்தம் ஏழு. உள்ள ஒருத்தர் வெளிய ஒருத்தர் சுத்தியல் புடிச்சு இறுக்கினதுல நின்னுச்சு. வெல்டிங் போட்டுல இந்த ரோதனை கம்மி, ஆனா கனம் ஜாஸ்தி. உப்புத்தண்ணியில விடறவங்க ஜிங்க் கட்டி மாட்டிக்கோங்க, போட்டுக்கு பதிலா அது அரிச்சு போகும், செம்பு கலந்த பெயின்ட் மட்டும் அடிச்சிடாதீங்க, அலுமினியத்தை அரிச்சே தின்னுடும்.

செமி விக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன். பழைய ஜான் போட்டை இன்னும் விக்கல, மாமா விடமாட்டேங்கறார். செமி வியில ஏறினா "மாப்ள ஆடுது, ஒக்காந்தே இருக்கணுமா"ன்னு ஒரே புலம்பல், அமைதியான நாள்ல அவர் தனியா ஜான் போட்டை எடுத்துட்டு போயிடுவார், மீனும் என்னைவிட அதிகமாவே கொண்டு வர்றார்.