அடுப்புக்குப் பின்னால்: டைல்ஸா, பிவிசி ஷீட்டா, கண்ணாடியா?

ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வாரத்துக்கு 3 நாளாவது காசிமேட்டு மீன் வாணலியில் விழும். பின்சுவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டாம். நான் கடைசியில் போட்டது கண்ணாடி. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

பார்வைக்கு மூன்றும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு வந்த விலையில் பிவிசி ஷீட் குறைவு, டைல்ஸ் நடுத்தரம், கண்ணாடி உச்சம். எந்தக் கடையிலும் பேச்சில் வராதது, துடைக்கிற வேலை.

டைல்ஸ் மேல் எண்ணெய் நிற்காது, இடுக்கில்தான் நிற்கும். எங்கள் பழைய டைல்ஸ் இடுக்கில் பூசியிருந்தது வெள்ளை சிமென்ட். அது உறிஞ்சும். குழம்பு மஞ்சள் ஏறிவிட்டால், அம்மா சோடா உப்பும் பழைய பல் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தாலும் இறங்காது. வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். எங்கள் சமையலறைக்கு வெயில் வருவதோ எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாக! இடுக்கில் சிமென்ட்டுக்குப் பதில் பூசும் பிசின் கலவையான எபாக்சி கிரவுட் உறிஞ்சாது, உண்மை. புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரிய டைல்ஸும் எபாக்சியும் போட்டால் நான் வாதாட வரமாட்டேன். எனக்கோ பழையதை உடைக்க வேண்டும். கூடவே எவ்வளவு சுவர் பெயர்ந்து வருமோ என்று கொத்தனாரே தயங்கினார்.

பிவிசியை அடுப்பிடம் கொண்டு போகாதீர்கள். 80 டிகிரி வாக்கில் இளகிவிடும், இட்லி குண்டான் ஆவியே 100 டிகிரி. பக்கத்து வீட்டில் பர்னருக்கு நேர் பின்னால் ஷீட் அலை அலையாக நெளிந்து, இடைவெளியில் கரப்பான் குடித்தனம். சிங்க் பக்கச் சுவருக்கு ஓகே.

கண்ணாடிக்கு வருகிறேன். 8 மில்லிமீட்டர் டஃபன்ட், அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி, பின்பக்கம் பெயின்ட். பழைய டைல்ஸை நன்றாகத் தேய்த்து, பிசுக்கெடுத்து, அதன் மேலேயே சிலிகானில் ஒட்டியாயிற்று. வினிகர் வாடை வீசும் சிலிகான் பெயின்ட்டைக் கெடுக்கும், டியூபில் ‘நியூட்ரல்’ என்று இருக்கிறதா பாருங்கள். 7 அடிக்கு 2 துண்டு, ஒரே இடுக்கு. அதையும் அடுப்புக்கு நேராக வராமல் சிங்க் பக்கம் தள்ளிவிட்டேன். வஞ்சிரம் வறுத்த கையோடு வெந்நீர்த் துணியால் இரண்டு இழுப்பு, தீர்ந்தது. அம்மா பல் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

குறை உண்டு. ஒவ்வொரு சொட்டும் கைரேகையும் பளிச்சென்று தெரியும், அடர் நிறத்தில் இன்னும் மோசம். வெள்ளை கேட்டால் லேசாகப் பச்சை அடிக்கும், சாதாரணக் கண்ணாடியில் இருக்கும் இரும்பால். அது பிடிக்காதவர்கள் எக்ஸ்ட்ரா கிளியர் கண்ணாடி கேளுங்கள், காசு கூடும். ஒட்டி 14 மாதம்தான் ஆகிறது, பார்த்தது ஒரே ஒரு மழைக்காலம். ஓதம் ஏறிய வெறும் சுவரில் ஒட்டினால் எத்தனை வருடம் பிடிக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு அடியில் டைல்ஸ் இருந்தது.

முக்கியமானது: பிளக் பாயின்ட் ஓட்டையெல்லாம் டஃபன் செய்வதற்கு முன்பே போட வேண்டும். பிறகு துளைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். மிக்ஸி பிளக்கை அளவில் எழுத மறந்தது நான்தான். ஒரு துண்டுக்கு இரண்டு முறை பணம் கட்டினேன். ஓட்டை இல்லாத அந்தத் துண்டில்தான் இப்போது மொட்டை மாடியில் வடகம் காய்கிறது.