வாசோட்டாவா, ஹரிச்சந்திரகடா?

சரணாலயக் காட்டுக்குள் ஒரு பாழடைந்த மலைக்கோட்டை ஏற வேண்டும் என்று மகாராஷ்டிரம் பக்கம் கிளம்புகிறவர்களுக்கு இந்த இரண்டில்தான் குழப்பம் வரும். வாசோட்டா, சாத்தாரா மாவட்டத்தின் கொய்னா சரணாலயத்துக்குள் இருக்கிறது. ஹரிச்சந்திரகட், வடக்கே கல்சுபாய்-ஹரிச்சந்திரகட் சரணாலயத்தில்.

என் ஓட்டு வாசோட்டாவுக்கு. காரணம் கோட்டை அல்ல, காடு.

சாத்தாராவிலிருந்து காஸ் பீடபூமி வழியாக பாம்ணோலி போய், அங்கிருந்து கொய்னா அணையின் சிவசாகர் நீர்த்தேக்கத்தைப் படகில் கடக்க வேண்டும். படகுக்கு மொத்தமாக வாடகை என்பதால் இரண்டு மூன்று பேராகப் போனால் கை கடிக்கும். அக்கரையில் வனத்துறையினர் பையைத் திறந்து தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். திரும்பும்போது அதே கணக்கைக் காட்டியாக வேண்டும். மேலே தங்கவும் விடமாட்டார்கள். இந்தக் கெடுபிடியைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கோ எல்லா மலையிலும் இப்படிச் செய்யமாட்டார்களா என்றிருக்கிறது. பாதையில் ஒரு காகிதம்கூடக் கிடப்பது அபூர்வம். ஏறும் இரண்டு மணி நேரமும் பெரும்பாலும் மர நிழல்தான். 2010 முதல் சஹ்யாத்ரி புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு இது. காட்டெருமையும் கரடியும் நடமாடும் இடம், சத்தம் போடாமல் நடக்க வேண்டும்.

உச்சியில் கோட்டை என்று சொல்ல மிச்சம் குறைவு. இடிந்த மதில், கூரையில்லாத அனுமன் கோயில், ஒரு மகாதேவர் கோயில், தண்ணீர்த் தொட்டி. 1818இல் ஆங்கிலேயர் எதிரே உள்ள பழைய வாசோட்டா மலையில் பீரங்கியை ஏற்றிச் சுட்டுப் பிடித்த கோட்டை. அந்த மலையைப் பார்த்தபடி பாபு கடா என்ற செங்குத்துப் பாறை லாட வடிவில் வளைந்து இறங்குகிறது. அதன் விளிம்பில் நின்றால்தான் பீரங்கிக்கு ஏன் அந்த மலை தேவைப்பட்டது என்று புரியும்.

ஹரிச்சந்திரகட்டிலும் மதில் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் கல் வேலைப்பாடு என்று வந்தால் வாசோட்டா பக்கத்திலேயே வர முடியாது. ஹரிச்சந்திரேஷ்வர் கோயிலுக்கு அருகே கேதாரேஷ்வர் குகை. உள்ளே இடுப்பளவு தண்ணீர், நடுவில் பெரிய லிங்கம், சுற்றி இருந்த நான்கு தூண்களில் ஒன்றுதான் முழுசாக நிற்கிறது. தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரை குளிரும். அப்புறம் கொங்கண் கடா. உள்வாங்கி வளைந்த பாறைச் சுவர், கீழே கொங்கணக் கடலோரச் சமவெளி, கீழிருந்து முகத்தில் அடிக்கும் காற்று. விளிம்பில் குப்புறப் படுத்துத்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

குறை, கூட்டம். சனி, ஞாயிறுகளில் பாச்னை கிராமத்திலிருந்து ஏறும் வழி சந்தைபோல் ஆகிவிடுகிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த வழிதான் சரி. கீரேஷ்வர் கிராமத்து வழி நீளம், நளீச்சி வாட் என்ற செங்குத்தான பாதை பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டவே வேண்டாம். இரவு தங்கும் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

மழைக்காலத்தில் வாசோட்டா மூடியிருக்கும். ஹரிச்சந்திரகட் பச்சைப்பசேலென்று இருந்தாலும், கொங்கண் கடா மேகத்துக்குள் மறைந்துவிடும். இரண்டுக்குமே நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. வாசோட்டாவுக்கு வார நாளில் முதல் படகைப் பிடியுங்கள். மாலைக்குள் கரை திரும்பிவிட வேண்டும் என்பதால் தாமதமாகக் கிளம்பியவர்கள் பாபு கடா வரை போகாமலே இறங்க வேண்டியிருக்கும்.