மேஜிக் கிங்டம் வாணவேடிக்கை: கோட்டை முன்பா, ஏரிக்கரையா?

ஃப்ளோரிடா டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் இரவு வாணவேடிக்கையை யாரும் தவறவிட விரும்புவதில்லை. சக்கர நாற்காலியில் அம்மாவோ, ஆட்டிசம் உள்ள பிள்ளையோ கூட வந்தால் எங்கிருந்து பார்ப்பது?

கோட்டை முன்பு நின்றால், அதன் சுவர்களில் ஓடும் ஒளிக்காட்சியும் சேர்ந்து கிடைக்கும். அந்த அழகு தூரத்தில் கிடைக்காது. ஆனால் நாற்காலியில் இருப்பவருக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொள்பவர்கள் வேறு! முடிந்ததும் மொத்தக் கூட்டமும் பூங்காவின் முக்கிய வீதியான மெயின் ஸ்ட்ரீட் வழியாக வாசலை நோக்கித் திரளும். காரில் வந்தவர்களுக்கு அப்புறம் மோனோரெயில் அல்லது படகு வரிசை. பார்க்கிங் இருப்பது பூங்காவுக்கு முன்னுள்ள ஏரியின் அக்கரையில்.

சீக்கிரமே வெளியேறி, அக்கரையில் டிக்கெட் மையத்துப் பக்கமிருந்தும் பார்க்கலாம். வெடிச்சத்தம் நன்றாகக் குறையும், கார் பக்கத்திலேயே. ஏரியில் மிதந்து வரும் மின்விளக்கு ஊர்வலம் 1971 முதல் நடப்பது. நேரம் ஒத்துவந்தால் அதுவும் கண்ணில் படும்.

சத்தம் ஆகாத பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏரிக்கரைதான். அம்மாவுக்குக் கோட்டை பார்த்தே தீரவேண்டுமா? சரி, உள்ளேயே இருங்கள். முடிந்தவுடன் கிளம்பாமல், மெயின் ஸ்ட்ரீட் கடைகளில் கூட்டம் வடியும்வரை சுற்றுங்கள்.