அடித்தள நாற்றத்துக்கு எந்தக் கரி?

பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் எங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி இருக்கிறது. அழுகிய முட்டை வாடை மேலே இரண்டாம் மாடி வரை ஏறும். போன வருடம் காற்று வெளியேறும் குழாயில் ஒரு கரித் தொட்டி வைத்தோம். மூன்றே வாரத்தில் வாடை திரும்பிவிட்டது. ஒப்பந்தக்காரர் கொடுத்த கரி மட்டமானதல்ல, கரியின் உட்பரப்பைக் காட்டும் அளவான அயோடின் எண் 1000-க்கு மேல். அந்த வேலைக்கு அது பொருந்தாத கரி, அவ்வளவுதான். அதனால் இந்தமுறை கமிட்டியில் மூன்று வகைகளை எடுத்து அலசினோம்.

முதலாவது, சாதாரணத் தொட்டிக்கரி, அதாவது தேங்காய்ச் சிரட்டையில் செய்தது. நான் பொள்ளாச்சிக்காரன். தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, நீராவியில் வாட்டித் துளை திறக்கும் தொழிலைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கிறது, கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம். பெயின்ட், கரைப்பான் வாடையெல்லாம் அதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு சிறிய மூலக்கூறு, கரியில் பிடிமானம் குறைவு. ஒட்டவைத்தால் போதாது, அதை வேறொன்றாக மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது, காஸ்டிக் சோடா ஏற்றிய கரி. துளைக்குள் இருக்கும் ஈரத்தைக் காரமாக்கி வாயுவை இழுத்துக் கரைக்கும், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைக் கந்தகமாக்கும். வேகம் அபாரம், கொள்ளளவும் அதிகம். ஆனால் காற்றூட்டும் தொட்டியிலிருந்து வரும் காற்றில் கரியமில வாயுவும் கலந்திருக்கிறது. வாடை எதுவும் இல்லாத அந்த வாயுவோடும் வினைபுரிந்து காஸ்டிக் வீணாகிறது. அதைவிடப் பெரிய கவலை தீ. காரம் ஏற்றினால் கரி தீப்பற்றும் வெப்பநிலை இறங்கிவிடும், வினையே வெப்பத்தையும் கக்கும். தலைக்கு மேல் குழந்தைகள் விளையாடும் இடத்தில் இதை வைக்க என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, வினையூக்கிக் கரி. யூரியா, அம்மோனியா போன்ற நைட்ரஜன் பொருள்களோடு சூடாக்கி, கரியின் விளிம்புகளில் நைட்ரஜனைப் பதித்தது. அந்த இடங்களில் ஆக்சிஜன் எளிதில் வினைக்கு இறங்கும். ஹைட்ரஜன் சல்பைடு கந்தகமாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். இதற்கு ஈரம் வேண்டும், எங்கள் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. வினையூக்கி செலவாகாது என்று பள்ளியில் படித்தோம். இங்கே கரி செலவாவதில்லை, ஆனால் விளைந்த பொருளே துளையை அடைத்துவிடுகிறது. அமிலத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி ஓரளவு மீட்கலாம். ஒரே கன அளவில் காஸ்டிக் கரியைவிடக் குறைவான வாயுவைத்தான் பிடிக்கும், விலையும் கூட. இரும்புத் தொட்டி ஆகாது, அரித்துவிடும்.

எங்கள் ஆபரேட்டர் ஓசூர்க்காரர். "வாடை நின்னுபோச்சுன்னு உள்ளே இறங்கிடக் கூடாது சார்" என்றார். சரியான எச்சரிக்கை. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் ஹைட்ரஜன் சல்பைடு மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். எந்தக் கரி வாங்கினாலும் வாயுமானி இல்லாமல் வாங்கக் கூடாது.

தண்ணீரில் கணக்கு மாறுகிறது. குளோரினை எடுக்கச் சாதாரணத் தொட்டிக்கரியே தாராளம், அங்கே கரியே குளோரினோடு வினைபுரிகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் என்றால் அது திணறும், வினையூக்கிக் கரி முந்தும். சுத்திகரித்த கழிவுநீரின் பழுப்பு நிறத்தை எடுக்க நிலக்கரியிலோ மரத்திலோ செய்த கரி மேல். நிறம் தரும் மூலக்கூறுகள் பெரியவை, தொட்டிக்கரியின் நுண்துளைக்குள் நுழையாது. ஊர்ப்பாசம் எனக்கும் உண்டு, ஆனாலும் உண்மை இதுதான்.

ஆற்றல் துறையிலும் இதே பாடம். மின்சாரத்தை நொடியில் ஏற்றி இறக்கும் மீமின்தேக்கிகளுக்குத் தொட்டிக்கரி அருமையான பொருள், பரப்புதான் அங்கே மூலதனம். பயோடீசலில் அப்படியல்ல. கொழுப்பு அமிலம் மிகுந்த எண்ணெயைப் பயோடீசலாக்க வழக்கமாகத் திரவக் கந்தக அமிலத்தை வினையூக்கியாக ஊற்றுவார்கள், பிறகு நடுநிலையாக்கிக் கழுவ வேண்டும். 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சர்க்கரையைக் கரித்து, சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளைப் பொருத்தித் திட வினையூக்கியாக்கினார்கள். பரப்பு மிகக் குறைவாக இருந்தும் நன்றாக வேலை செய்தது, வடிகட்டி மறுபடி எடுக்கவும் முடிந்தது. நாளடைவில் அமிலத் தொகுதிகள் கழன்றுபோவது இவ்வகைக் கரிகளின் குறை.

ஆக, விலைப்பட்டியலில் அயோடின் எண்ணை மட்டும் பார்ப்பதை நிறுத்தினோம். அது பரப்பைச் சொல்லும், பரப்பின் மேல் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அடித்தளத்துக்கு வினையூக்கிக் கரிதான் என்று முடிவு, ஃபைபர் தொட்டியில். கழுவிய அமில நீரை நேரே சாக்கடையில் விடாமல் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்க ஒரு சிறு தொட்டியும் சேர்த்துக் கேட்டிருக்கிறோம். அந்தச் செலவைக் கூட்டத்தில் எதிர்க்கிறார்கள், நான் விடுவதாக இல்லை.